பதினேழாம் நம்பர் கூடை

கிராம் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முப்பது வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர், ஓய்வு பெற்ற கையோடு கூட்டுறவுக் கடையில் காய் பிரித்துக் கூடை கட்ட வந்தார். வந்த முதல் சனிக்கிழமையே ஒற்றை உருளைக்கிழங்கைக் கையில் ஏந்திக்கொண்டு, எடை சரியாக வர இது ஏழாம் கூடைக்குப் போக வேண்டியதா எட்டாம் கூடைக்கா என்று கால் மணி நேரம் நின்றார். வாசலில் காய் இறக்கிய வண்டிக்காரர்கூட, என்னதான் முடிவாகிறது பார்ப்போமே என்று வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் கிராம். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றே சொல்ல வேண்டும்.

கடை என்றதும் கண்ணாடிக் கதவும் விளக்கு வரிசையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடிப்போன ஓர் அச்சகத்தின் பின்கட்டு அது. ஒரு நீள மேஜை, இரண்டு தராசு, எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். நாற்பது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, பயிர் செய்கிறவர்களிடமே நேரடியாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. நடுவில் கை நீட்ட ஆள் இல்லை, அதனால் விலை கட்டுப்படியாகும். பயிர் செய்கிறவருக்கும் வயிறெரியாது. அவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான்: விளைந்ததை விளைந்தபடி எடுத்துக்கொள்வோம், நேராக இருப்பதற்கும் கோணலாக இருப்பதற்கும் ஒரே விலை. பெரிய கடைகள் கோணல் காயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாடுபட்டவர் அதை மண்ணிலேயே மட்க விட வேண்டியதுதான்.

சரி, வாங்கியாகிவிட்டது, இந்தக் கோணலை எல்லாம் யார் தலையில் கட்டுவது? மனுஷ புத்திதானே, தனக்கு வேண்டியவர்களுக்கு நல்லதாகப் பொறுக்கிப் போடத்தான் கை போகும். அதற்காகவே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கூடைகளுக்கு நம்பர் உண்டு, பெயர் கிடையாது. சீட்டுக் குலுக்கித்தான் நம்பர் கொடுப்பார்கள். எந்த நம்பர் யாருடையது என்று கூடை கட்டுகிற இரண்டு பேருக்கும் தெரியக்கூடாது. அந்த இரண்டு பேருக்கு நம்பரே இல்லை. எல்லாக் கூடையும் நிறைந்த பிறகு மேஜையில் மிஞ்சுவதுதான் அவர்களுக்கு. ஆள் பார்த்துப் போட்டது தெரியவந்தால் ஆறு மாதம் மேஜைப் பக்கம் வரக்கூடாது. புதன்கிழமை காலையில் வந்து காலிக் கூடைகளைக் கழுவ வேண்டும். எந்த வேலையும் செய்யாத வீட்டுக்குக் கூடை கிடையாது.

புதன்கிழமை கூடை கழுவும் வேலையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டவள் கிராம் அண்ணனின் தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், புதன் அவளுக்கு விடுமுறை. கடையில் முதலில் சேர்ந்தது அவள்தான். அவள் அங்கே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் இவர் பிறகு வந்து சேர்ந்தார். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார், காய் மலிவு என்பார். இத்தனைக்கும் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கூடை எடுக்க வருவதற்கு முன்னால், தன் கூடையைத் தூக்கிக்கொண்டு தலைமறைவுக்காரர் போல நழுவிவிடுவார். அண்ணனும் தங்கையும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்றார் டாக்டர். அன்றைக்குத் தங்கை வண்டியில் இருந்தாள். ஃபோன் பண்ணிச் சொன்னால் பதறிப்போவாள், பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருவாள், வேலை முடிய மூன்று மணி நேரம்தானே, முடித்துக்கொண்டே வரட்டும் என்று இவர் ஒரு கணக்குப் போட்டார். எல்லாம் நல்லெண்ணம்தான். அம்மா இரண்டு மணி நேரத்தில் போய்விட்டாள். சீருடையோடு வந்து நின்ற தங்கை அழவில்லை, கத்தவில்லை. விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி நடையில் அவர் முகத்தைப் பார்த்து இரண்டே வாக்கியம் சொன்னாள்.

"அம்மாகிட்ட எனக்கு எவ்வளவு நேரம்னு நீயா அளந்து குடுத்தியா? இனிமே என் பங்கை நீ அளக்காத."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொல் இல்லை. மன்னிப்புக் கேட்டு இவர் எழுதிய கடிதங்கள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தன. எழுதும்போது நியாயமாகத் தெரிந்த வரிகள், உறையில் போடும்போது சாக்குப்போக்காகத் தெரிந்தன.

இப்போது கேரட் கதைக்கு வருகிறேன். சிறு வயதில் தங்கைக்குத் தம்பி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மாவை நச்சரித்தாள், அப்பாவை நச்சரித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காய்ப்பையில் இரண்டு காலோடு ஒரு கேரட் வந்தது. அண்ணன் அதன் இடுப்பில் வெங்காயத்தாளைக் கிழித்து ஒரு பெல்ட் கட்டி, இந்தா உன் தம்பி என்று கொடுத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு கால் கேரட்டின் மேல் கத்தி படக்கூடாது. எத்தனையோ தம்பிகள் வந்தார்கள், ஜன்னலோரத்தில் வரிசையாக உட்கார்ந்து வற்றிப்போனார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டே அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னல் துடைப்பாள்.

ஒரு சனிக்கிழமை கிராம் அண்ணன் ஏற வேண்டிய பேருந்து நேரத்துக்கு வரவில்லை. எதிர்ச் சாரி நிறுத்தத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், தங்கை கடையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துவிட்டார். சைக்கிள் கேரியரில் கூடையை வைத்துக் கட்டினாள். கூடையின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் பதினேழு. இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. சைக்கிள் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்குள் வந்து நின்ற பேருந்தும் கிளம்பிப் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை கேரட் மூட்டையில் ஒரு தம்பி இருந்தான். உருளைக்கிழங்குக்குக் கால் மணி நேரம் நின்ற மனுஷன் அரை நொடியில் சட்டத்தை மீறினார். வெங்காயத்தாளில் பெல்ட் கட்டி, பதினேழாம் கூடையில் கீரைக்கு மேலே படுக்கவைத்தார். திருட்டிலும் அவருக்கு எடை தவறவில்லை பாருங்கள்: தம்பி எத்தனை கிராமோ அத்தனை கிராமுக்கு ஒரு நேர் கேரட்டை அதிலிருந்து எடுத்து வேறு கூடையில் போட்டார். பக்கத்தில் பீன்ஸ் பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. இராத்திரி டியூட்டி முடித்து நேரே மேஜைக்கு வருகிறவள் அவள். கண் திறந்திருந்ததே பெரிய காரியம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் கூட்டம். தங்கை வருவாள் என்பதால் இவர் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் சில குடும்பங்கள் விலகி, அதே எண்ணிக்கையில் புதுக் குடும்பங்கள் சேர்ந்ததால், வழக்கத்துக்கு முன்னதாகவே சீட்டுக் குலுக்கி எல்லோருக்கும் நம்பரை மாற்றிவிட்டார்கள். நம்பரே இல்லாத ஆளிடம் நம்பர் மாறியதை யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? யாரும் சொல்லவில்லை. கிராம் அண்ணன் வாரம் தவறாமல் மூட்டையைத் துழாவித் துழாவி ஒரு தம்பியைக் கண்டுபிடித்து, பெல்ட் கட்டி, பதினேழில் படுக்கவைத்துக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்து, இந்நேரம் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பிலேயே வாரம் ஓடிவிடும்.

ஒன்பது வாரம் ஓடியது. அடுத்த கூட்டத்துக்குக் கூடை கட்டுகிற இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள். டீச்சர்தான் கடையின் தலைவி. பள்ளிக்கூடத்தில் அதட்டிப் பழகிய குரல், யாரும் தட்ட முடியாது.

கூட்டம் அந்த நீள மேஜையைச் சுற்றித்தான். தங்கை மறுகோடியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கிராம் அண்ணன் வாசலோரம் நாற்காலி நுனியில். டீச்சர் ஆரம்பித்ததும் குழாய் ரிப்பேர்க்காரர் எழுந்து, ஒரு துணிப்பையை மேஜையில் கவிழ்த்தார். ஒன்பது கேரட்டுகள் உருண்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால். முதலில் வந்தவை வற்றிச் சுருங்கி விரல் கனமாகியிருந்தன; ஒன்றுக்கு யாரோ பேனாவால் கண்ணும் சிரிப்பும் வரைந்திருந்தார்கள். எல்லாவற்றின் இடுப்பிலும் காய்ந்துபோன வெங்காயத்தாள் முடிச்சு.

"காசு எல்லாரும் ஒரே மாதிரித்தானே கட்டுறோம்? எனக்கு மட்டும் ஏன் வாராவாரம் கோணல்?" என்றார் குழாய்க்காரர். "அதுவும் இடுப்புல கட்டுப் போட்டு, கிண்டலா."

பதினேழு இப்போது அவருடைய நம்பர். இதைச் சொல்லி அவர் டீச்சரைப் பார்க்க, எல்லோரும் நர்ஸைப் பார்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. போன மாதம்தான் நர்ஸ் அவரை எல்லோர் முன்னாலும் வாரிவிட்டிருந்தாள், ஊர்க் குழாயை எல்லாம் சரிசெய்கிறவர் நம்ம கடைக் குழாயைச் சொட்டவிட்டு வைத்திருக்கிறாரே என்று. போதாக்குறைக்கு அந்த முடிச்சு. இத்தனை கச்சிதமாகக் கட்டுப் போட நர்ஸை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று யாரோ சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. நான் செய்யவில்லை என்று ஒரு தடவை சொன்னாள். தூக்கமில்லாத முகம் இன்னும் வெளுத்தது. புதன்கிழமை அவளுக்குப் பகல் டியூட்டி. கூடை கழுவும் தண்டனை வந்தால் அவளால் வர முடியாது. வர முடியாவிட்டால் கூடை இல்லை. அவள் வீட்டில் சாப்பிடும் வாய் ஐந்து.

 பதினேழு எப்படிக் குழாய்க்காரருக்குப் போனது என்று கிராம் அண்ணனுக்குப் புரியவே இல்லை. ஒன்று மட்டும் புரிந்தது. வாயைத் திறந்தால், என் பங்கை அளக்காதே என்று சொன்னவளின் பங்கில் மறுபடியும் கை வைத்ததை அவள் முன்னாலேயே, நாற்பது பேர் சாட்சியாக ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருஷமாக ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்த உறவு அதோடு அறுந்துவிடும். திறக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவளின் ஐந்து பேர் சோற்றில் மண். எந்தத் தட்டில் எதை வைப்பது? வாழ்நாளெல்லாம் தராசு பிடித்தவர் இந்த ஒரு தடவை தராசை எடுக்கவில்லை. எழுந்து நின்றார், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"முடிச்சு போட்டது நான். நர்ஸம்மா அதைத் தொட்டதே இல்ல."

கிராமா, ஆள் பார்த்துப் போட்டதா என்று யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. டீச்சருக்கே குரல் இறங்கிவிட்டது. யாருக்கு என்று நினைத்துப் போட்டீர்கள் என்று கேட்டாள்.

"என் தங்கச்சிக்கு," என்றார் மேஜையைப் பார்த்துக்கொண்டே. "பதினேழு அவ கூடைன்னு நெனச்சேன்."

 நாற்பது தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின. தங்கை மேஜையில் கிடந்த ஒன்பது கேரட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வாரத்துக்கு முன்பே சீட்டு மாறிவிட்டது என்று டீச்சர் மெதுவாகச் சொன்னதும் கிராம் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வாரம் கட்டிலில் சாய்ந்து நினைத்துக்கொண்டதெல்லாம் குழாய்க்காரர் வீட்டு ஜன்னலில் போய்க் காய்ந்திருக்கிறது.

பிறகு எல்லோருமே இளகிவிட்டார்கள். அண்ணன் தங்கச்சி விஷயம், போகட்டும் விடுங்கள் என்றார்கள். குழாய்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, விஷயம் இதென்று தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றார். உண்மையில் தன் சின்ன மகள் இவற்றை ஜன்னலில் வரிசையாக வைத்து விளையாடுகிறாள், அவள் பக்கத்து வீட்டுக்குப் போன சமயத்தில்தான் சாட்சிக்கென்று அள்ளி வந்தேன், இனி வீட்டுக்குப் போய் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். டீச்சரும் நோட்டை மூடப் போனாள். அப்போதுதான் தங்கை எழுந்தாள்.

"விடக்கூடாது டீச்சர். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆறு மாசம் இவரு வந்து கூடை கழுவட்டும்."

சொல்லிவிட்டு முதல் கையை அவளே தூக்கினாள். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். நர்ஸ் மட்டும் தூக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிராம் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனார். 'இவரு' என்றாளே, அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லையே, அந்நிய மனுஷனைச் சொல்வது போல இவரு என்றாளே என்று வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு போனார். அவளுக்கு அந்த உரிமை உண்டு, தண்டனை சரிதான், ஆறு மாதம் என்பதுகூடக் குறைவுதான். இப்படியே திங்கள் போனது. செவ்வாய் சாயங்காலம் பழைய கால்சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, நாளைக்கு நனையும் என்று மடித்து வைக்கும்போதுதான் கை அப்படியே நின்றது. புதன்கிழமை கூடை கழுவுகிறது யார்? கிராம் கணக்கில் புலியாக இருந்து என்ன பயன். இந்தச் சின்னக் கணக்கு மண்டையில் ஏற அவருக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

புதன் காலையில் அச்சகத்தின் பின்வாசலில் நாற்பது காலிக் கூடைகள் அடுக்கியிருந்தன. இரண்டு சிமென்ட் தொட்டி. ஒன்றில் தேய்க்க வேண்டும், மற்றதில் அலச வேண்டும். தங்கை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் ஒரு பிரஷ்ஷை நீட்டினாள். இவர் தேய்த்தார், அவள் அலசினாள். மூலை முடுக்கெல்லாம் நகத்தால் சுரண்டிச் சுரண்டி இவர் மூன்றாம் கூடைக்கு வருவதற்குள், அலச ஒன்றும் இல்லாமல் அவள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"மாத்திரை எண்ணல, கூடை கழுவுற," என்றாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு முகத்துக்கு நேராக வந்த முதல் வார்த்தை.  அவர் வேகமாகத் தேய்க்கத் தொடங்கினார், கண்ணீர் மறைத்ததில் பிரஷ் கூடையில் படாமல் தொட்டியில் பட்டது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, குழாய்க்காரர் நேற்றே வந்து உள்ளே குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனதைச் சொன்னாள். சனிக்கிழமை ஒரு தம்பி கட்டாயம் வேண்டும், இனி வராது என்றதும் மகளின் அழுகை நிற்கவில்லை என்று அவர் நர்ஸிடம் கெஞ்சினாராம். நர்ஸ், சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

பதினேழாம் நம்பர் கூடை கைக்கு வந்தபோது அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் உனக்கு ஃபோன் பண்ணிருக்கணும்."

"ஆமா," என்றாள். "பண்ணிருக்கணும்."

 பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இழுப்பறையில் கிடந்த அத்தனை கடிதமும் போய்ச் சேர்ந்துவிட்டது போல அவருக்கு மூச்சு இறங்கியது. அவள் கூடையை வாங்கித் தண்ணீரில் முக்கினாள்.

"தம்பி எங்கிட்டயும் ஒரு வாரம் வந்தான்," என்றாள், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "முடிச்சைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் கூடையைத் தலைகீழாக் கொட்டிப் பார்த்தேன், இல்ல. அதுக்கடுத்த வாரமும் இல்ல. நீ மனசை மாத்திக்கிட்டேன்னு நெனச்சேன்."

குலுக்கலுக்கு முந்தின நாள் போட்ட முதல் தம்பி. அவன் சரியான வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறான். ஒன்பது வாரம் இவர் அனுப்பிக்கொண்டே இருக்க, ஒன்பது வாரம் அவள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவன் இப்போது எங்கே என்று கேட்டார். ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் இருக்கிறான், பெல்ட் அவிழவில்லை என்றாள்.

நாற்பது கூடையும் கழுவி வெயிலில் கவிழ்த்தாகிவிட்டது. அவள் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கவிழ்த்த கூடை ஒன்றைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

"இப்ப என் நம்பர் இருபத்திரெண்டு."

கிராம் அண்ணன் பதறிப்போனார். நம்பரைச் சொல்லக்கூடாதே என்றார். கூடை கட்டுகிறவரிடம்தான் சொல்லக்கூடாது, நீ இப்போது கூடை கட்டவில்லையே என்று அவள் சட்டம் பேசினாள். எத்தனை ஆனாலும் அதே அம்மா பெற்றவள்தானே. அவர் யோசித்துப் பார்த்தார், சட்டப்படி தப்பில்லைதான்.

"ஆனா நான் திரும்ப மேஜைக்கு வர ஆறு மாசம் ஆகுமே," என்றார். "அதுக்குள்ள மறுபடி சீட்டுக் குலுக்கி நம்பர் மாறிடும்."

அவள் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, சீட்டில் இருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள்.

"மாறினா உனக்கு ஃபோன் பண்றேன் அண்ணா," என்றாள். "வண்டியில இருந்தாலும் நிறுத்திட்டுப் பண்றேன்."